படிக்கட்டு மாமா

அந்தக் குடியிருப்பில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் படிக்கட்டு மாமா; பெரியவர்களுக்கு வெறும் படிக்கட்டு. பார்க்கிற வேலையோ லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டை ஓட வைக்கிற மனுஷனுக்குப் படிக்கட்டு என்று பேர் வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பிதான். பேர் வைத்த அன்று அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

கீழ்த்தளத்தில் குடியிருப்போர் சங்கத்துக்கென்று ஓர் அறை உண்டு. சங்கம் கூடி உருப்படியாக எதையும் செய்ததில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னால் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்பார்கள். ஆனால் கூடைப்பந்து சீசன் வந்துவிட்டால் அறை நிரம்பிவிடும். பெரிய டிவி, பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லார் மேலேயும் டீமின் பச்சை பனியன். ஊர் டீம் ஜெயித்தால் தாங்களே ஓடி ஆடி ஜெயித்த மாதிரி மூச்சு வாங்குவார்கள். தோற்றால் மறுநாள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள், எல்லாரும் சேர்ந்து திருடி மாட்டிக்கொண்ட மாதிரி.

அவரும் அப்படி ஒரு பைத்தியம்தான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மேட்சில் டீம் தோற்றுக்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்தது. பக்கத்துத் தெருக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று ஒரு அம்மா உள்ளே மாட்டிக்கொண்டார். வேலையென்றால் வேலை, எழுந்து ஓடினார். கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தால் அறையே குதித்துக்கொண்டிருக்கிறது. டீம் விட்டதையெல்லாம் பிடித்து ஜெயித்துவிட்டது.

"மாமா, நீங்க எந்திரிச்சுப் போனதும்தான் ஆட்டமே திரும்புச்சு," என்றான் தம்பி.

அடுத்த மேட்சில் விளையாட்டாக அவரை வெளியே அனுப்பினார்கள்; ஜெயித்தார்கள். அதற்கடுத்ததில் உள்ளே உட்கார வைத்தார்கள்; தோற்றார்கள். போதாதா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று குடைகிற கணக்கு டீச்சரே, "இனிமே இதத் தற்செயல்னு சொல்ல முடியாதுங்க" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

அதிலிருந்து அவர் இடம் மாடிப்படி. அறைக்கதவை ஒருக்களித்து வைப்பார்கள். டிவி தெரியாது, சத்தம் மட்டும் வரும். லிஃப்ட் வேலையில் பாதி வேலை காதுக்குத்தான். மோட்டார் முனகுவதை வைத்தே எங்கே உரசுகிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை வைத்துக்கொண்டு ஆட்டத்தையும் பார்க்கப் பழகிக்கொண்டார். அவள் சாப்பாட்டுத் தட்டோடு இறங்கி வந்தால், "இப்ப விழுந்தது அவனுங்களோடது. நம்மாளுங்களுக்குச் சத்தம் தொண்டையிலயே நின்னுடுச்சு பாரு," என்பார்.

"ஏங்க, உங்களுக்கு வெக்கமாவே இல்லையா? நம்ம வீட்லயும் டிவி இருக்குல்ல. மேல வந்து ஒழுங்கா உக்காந்து பாருங்களேன்."

"எங்க பாத்தாலும் பாத்த மாதிரிதானாம். டீச்சர் சொல்றாங்க."

"டீச்சர் சொன்னா மொட்டமாடியில இருந்து குதிச்சிருவீங்களா?"

"ஜெயிக்கணும்ல," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவளுக்குத் தட்டைத் தலையில் கவிழ்க்கலாம் போல வரும்.

போன வருஷம்தான் அவர் கதவிலும் மேசை முனையிலும் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று அவளும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனபோது திட்டினதெல்லாம் திரும்பி வந்து அவள் நெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்து, நடுவில் ஒரு வட்டத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி.

"போனது வராதும்மா. இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம்," என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். வேளை தவறாமல் அவள்தான் விட்டாள். சில மாதம் கழித்துச் சோதித்தால் வட்டம் இன்னும் சுருங்கியிருந்தது. அடுத்த வருஷத்துக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "யார்கிட்டயும் சொல்லாத. பாவம்னு ஒருத்தன் சொல்லிட்டா அப்புறம் நான் தெருவுல நடக்க முடியாது."

"சரி."

"உன் தம்பிகிட்டயும்."

"சரின்னு சொல்லிட்டேன்ல."

கொஞ்ச நேரம் போனபிறகு, "ஒரே ஒரு தடவ, நம்ம டீம் ஃபைனல்ல ஜெயிக்கறத எல்லாரோடயும் உள்ள உக்காந்து கண்ணால பாத்துடணும். அதுக்கப்புறம் எப்பவும் போல காதால பாத்துக்கறேன்," என்றார்.

வாயை மூடி வைப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. இந்த ஒரு விஷயத்தில் மூடி வைத்தாள். கம்பெனியில் முட்டிவலி என்று பொய் சொல்லி, லிஃப்ட் குழிக்குள் இறங்குகிற வேலையை விட்டுவிட்டு, போன் எடுக்கிற மேசைக்கு அவரே மாறிக்கொண்டார்.

இந்த வருஷம் டீம் ஃபைனலுக்கு வந்தது. அதுவும் நம்ம ஊர் அரங்கத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சங்கத்தில் இருக்கிற பேக்கரிக்காரருக்குக் குலுக்கலில் டிக்கெட் விழுந்தது, ஒரு வரிசையில் பாதி. சங்கத்து ஆட்களே பங்கு போட்டுக்கொண்டார்கள். படிக்கட்டுக்கு டிக்கெட் கொடுக்கிற எண்ணமே யாருக்கும் வரவில்லை. வராது, எதற்கு வரப்போகிறது?

அவள் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள்.

"உங்க மாமாவுக்கு ஒரு டிக்கெட் வேணும்."

"அக்கா, ஃபைனல்க்கா. வெளாடாத."

"நானா வெளாடறேன்? கழுத மாதிரி வளந்துட்டு ஒரு மனுஷன மாடிப்படியில ஒக்கார வெச்சு வெளாடறது நீங்கதான். அவர் வருவாரு. உள்ள உக்காருவாரு. கடைசி வரைக்கும் உக்காருவாரு."

"தோத்துட்டா?"

"தோத்தா தோத்துட்டுப் போங்க. உங்க வீட்டு அடுப்பா அணைஞ்சிடும்?"

தம்பி தலையைச் சொறிந்துகொண்டு பேக்கரிக்காரரிடம் போனான். டீச்சர் வீட்டுக்காரர் கால் சுளுக்கி வரமுடியாமல் போனதில் இன்னொரு டிக்கெட்டும் மிஞ்சியது. அதை அவளே எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கூடைப்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. இந்தக் கூட்டத்திலிருந்து அவரைக் காவல் காக்கத்தான் போனாள்.

வாரம் முழுக்க அவர் அந்த டிக்கெட்டைக் கீழே வைக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக்கூட விடாமல் படித்தார். அவள் தன்னுடையதைப் பையில் போட்டதோடு சரி.

அரங்கத்தின் உள்ளே நுழைந்ததும் அந்த வெளிச்சத்தில் அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். கீழே பளபளவென்று மரத்தரை. அவருக்கு அது முழுசாகத் தெரியவில்லை; துண்டு துண்டாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். பந்து இந்தப் பக்கம் வந்தால் தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் தலையை அந்தப் பக்கம்.

"நெட்டையன் நல்லா வேர்த்திருக்கான் பாத்தியா? டிவியில இது தெரியாது," என்றார் அவள் காதில். டிவியில் அவர் எங்கே பார்த்தார்? நெட்டையன், குள்ளன் என்றெல்லாம் ஆட்டக்காரர்களுக்கு ரசிகர்கள் வைத்த பேர். இவர்களுக்குப் பேர் வைப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது.

முதல் பாதி முடிவதற்குள் டீம் படுத்துவிட்டது. நெட்டையன் போடுவதெல்லாம் வெளியே போனது. இடைவேளைக்குப் பிறகு இன்னும் மோசம்; இருபது புள்ளிக்கு மேலே பின்னால் கிடந்தார்கள். டீச்சர் கன்னத்தில் கை வைத்தவர் எடுக்கவில்லை. பேக்கரிக்காரர், "நான் மாவு பெசையப் போறேன், நாளைக்குப் பொழப்ப பாக்கணும்" என்று எழுந்து, போக மனசில்லாமல் உட்கார்ந்தார். அப்புறம் ஒவ்வொருத்தராக இவர் பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். வாயைத் திறக்கவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான்.

தம்பிதான் திறந்தான். "மாமா, ஏன் தலைய ஆட்டிக்கிட்டே இருக்கீங்க? வேணாம் வேணாம்னு நீங்க சொல்லிட்டே இருந்தா பந்து எப்படி விழும்?"

பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "யாருப்பா அது?" என்று கேட்டார்கள். தம்பி திரும்பி உட்கார்ந்து, படிக்கட்டுக் கதையை முதலிலிருந்து அவர்களுக்குச் சொன்னான். கேட்கக் கேட்க அவர்களுக்கு உற்சாகம் வந்தது. தோற்கிறவனுக்கு ஒரு காரணம் கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? முன்வரிசைக்கும் போனது. பக்கத்துப் பகுதிக்கும் போனது. முகம் தெரியாத ஜனமெல்லாம் கை தட்டிக்கொண்டு, "படிக்கட்டு வெளிய, படிக்கட்டு வெளிய" என்று ராகம் போட ஆரம்பித்தது.

அவர் அசையவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டாமல் இருக்கப் பார்த்தார். தலையை ஆட்டாவிட்டால் அவருக்கு ஆட்டம் தெரியாது. நடுக்கோட்டை மட்டும், யாரும் இல்லாத அந்த இடத்தை மட்டும், பார்த்துக்கொண்டிருந்தார்.

இவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, மூடுங்கடா வாயை என்று அவள் கத்திவிடலாம். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தாள். இந்தக் கூச்சல் நின்றால் போதும் என்றிருந்தது. அதோடு, பொய் சொல்வானேன், மனசின் ஒரு மூலையில் இன்னொன்றும் இருந்தது. ஒருவேளை இவர்கள் சொல்வது நிஜமாக இருந்தால்?

"ஏங்க," என்றாள். "ஒரு பத்து நிமிஷம் வெளிய போய் டீ குடிச்சிட்டு வாங்களேன். இவனுங்க வாய் அடங்கட்டும்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் முகம் முழுசும் அந்த வட்டத்துக்குள் வருவதற்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தார்.

"போகட்டுமா?"

"போயிட்டு வாங்க. வந்துடலாம்ல."

"நடையில நின்னா கணக்கில்ல மாமா, அங்க டிவி இருக்கு," என்றான் தம்பி. "கேட்டுக்கு வெளிய போயிடுங்க."

அவர் எழுந்தார். வரிசை முழுக்கக் காலை ஒடுக்கி வழிவிட்டது. ஜனம் கை தட்டியது. படிகளில் கையால் கம்பியைத் தடவிக்கொண்டு ஏறிப் போனார்.

அதற்கப்புறம் நடந்ததை அந்த ஊரே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் தலை மறைந்ததும் நெட்டையன் ஒன்று போட்டான். குள்ளன் தூரத்திலிருந்து ஒன்று போட்டான். எதிராளி கையிலிருந்து பந்தைப் பிடுங்கிப் போய் இன்னொன்று. தம்பி, "போயிட்டாரு, கேட்டத் தாண்டிட்டாரு" என்று வர்ணனை சொன்னான். பேக்கரிக்காரர் பனியனைக் கழற்றிச் சுற்ற ஆரம்பித்தார். அந்தத் தொப்பையைப் பார்த்து முன்வரிசையில் ஒரு பாட்டம் சிரிப்பு. டீச்சர் அழுதுகொண்டே கை தட்டினார். வித்தியாசம் குறையக் குறைய, ஒன்றும் தெரியாத அவளும் நாற்காலி நுனிக்கு வந்தாள். எழுந்து நின்றாள். கத்தினாள். எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாமலே கத்தினாள்.

கடைசி நொடி. ஒரு புள்ளி பின்னால். குள்ளன் கையில் பந்து. அவன் எம்பினான்.

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பார்க்கமுடியவில்லை.

காது கிழிகிற மாதிரி சத்தம் வந்தபோதுதான் கையை எடுத்தாள். டீச்சர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். அவளும் கட்டிக்கொண்டு குதித்தாள். குதித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினால், அவர் நாற்காலியில் பின்வரிசைக்காரன் ஒருத்தன் ஷூ காலோடு ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளுக்கு அவர் ஞாபகமே வந்தது. பத்து நிமிஷத்துக்கென்று போனவர் ஏன் இன்னும் வரவில்லை?

வெளியே வந்ததும் தெரிந்தது. கேட்டுக்குப் பக்கத்தில், ஆள் உயரப் பலகையில் எழுதியிருந்தது: வெளியே போனவர்கள் மறுபடி உள்ளே வர அனுமதி இல்லை. அவர் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே, காற்றுப் போகிற கம்பி ஜன்னல் ஒன்றின் கீழே, சுவரில் காதைச் சாய்த்தபடி நின்றிருந்தார். போகிற வருகிறவனெல்லாம் பச்சை பனியனைப் பார்த்து அவரைக் கட்டிப்பிடித்தான்.

"என்னா ஆட்டம்ணே, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் பாத்தேன்," என்றார் அவர்.

அவள் போய்ச் சேருவதற்குள் தம்பி ஓடிப்போய் அவரைத் தோளில் தூக்கிவிட்டான். "எங்க மாமாதான்யா ஜெயிக்க வெச்சாரு. வெளிய நின்னே ஜெயிக்க வெச்சாரு." கூட்டம் கை தட்டியது. பேக்கரிக்காரர் வெற்றுடம்போடு முன்னால் ஆடினார். பக்கத்தில் எது வருகிறது என்று தெரியாத மனுஷன் உயரத்தில் உட்கார்ந்து, தம்பியின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரித்தார். படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்கிற அதே சிரிப்பு.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. யாரோ அவருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். இன்றைக்கு அவர் பெரிய ஆள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள்.

"திரும்ப விடமாட்டாங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் அனுப்பியிருப்பேனா?"

"எனக்குத் தெரியும். டிக்கெட்டு பின்னாடி போட்டிருந்துச்சு."

"தெரிஞ்சா ஏன் போனீங்க? ஏன் சொல்லல?"

"அவனுங்க சொன்னப்ப ஒக்காந்துதான் இருந்தேன். நீயே சொன்னதுக்கப்புறம் என்ன இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அவர் கோபப்படவில்லை. பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"கடைசிப் பந்து எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டார்.

"எப்படின்னா?"

"நேரா வலைக்குள்ளயா? பலகையில பட்டா? நீ பக்கத்துலதான இருந்த."

அவள் வாழ்க்கையில் எத்தனையோ பேரை முகத்துக்கு நேரே உண்மை சொல்லி அழ வைத்திருக்கிறாள். இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"நேராதான். அப்படியே போய் விழுந்துச்சு."

அவர் "ம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் சங்க அறையில் திருவிழாக் கூட்டம். டிவியில் அதே கடைசிப் பந்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள், "வாங்க, உள்ள போய்ப் பாப்போம். இப்ப என்ன, ஜெயிச்சாச்சுல்ல," என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"முடிஞ்சத பாக்கவா கண்ண வெச்சிருந்தேன்?" என்று அவர் படிக்கட்டில், தன் இடத்தில், உட்கார்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். சிமெண்டு சில்லென்று இருந்தது. ஒருக்களித்த கதவு வழியாக உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. சுவரில் நீல வெளிச்சம் மட்டும் மினுக்கியது.

உள்ளே தம்பியின் குரல் கேட்டது. "இப்ப பாருங்க, இப்ப பாருங்க. வளையத்துல பட்டு, ஒரு சுத்து, இன்னொரு சுத்து... நின்னு யோசிக்குது பாருங்க... அப்புறம்தான் விழுது."

எல்லாரும் கத்தினார்கள்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர்தான் பேசினார்.

"எனக்கு அங்கயே தெரியும். மொதல்ல ஒரு சத்தம். அப்புறம் அந்த அரங்கமே செத்துப்போன மாதிரி ஒண்ணுமே இல்ல. அதுக்கப்புறம்தான் கத்துனாங்க. நேரா விழுந்திருந்தா நடுவுல அந்த அமைதி வராது."

"நான் கண்ண மூடிக்கிட்டேங்க," என்றாள்.

"ம்."

"பயமா இருந்துச்சு."

"அப்ப ரெண்டு பேருமே பாக்கல," என்றார். கொஞ்சம் கழித்து, "உனக்கு கண்ணு நல்லாத்தான இருக்கு," என்றார்.

பேக்கரிக்காரர் கேக் துண்டோடு வெளியே வந்தார். படியில் உட்கார்ந்திருந்தவர் கைக்குப் பக்கத்தில் நீட்டினார், அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது தடவை நீட்டியபோது அவள் வாங்கி அவர் கையில் வைத்தாள்.

"அடுத்த வருஷமும் உங்களுக்குத்தான் மொத டிக்கெட்டு," என்றார் பேக்கரிக்காரர். "எவன் கால்ல விழுந்தாவது வாங்கிடறேன். நீங்க வந்து வெளி கேட்டுப் பக்கத்துல நின்னா போதும்."

"நிக்கறேன்," என்றார் அவர்.

பேக்கரிக்காரர் அவர் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். அவளுக்குச் சொல்லவேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் வெளியே வந்து பாவம் என்பார்கள். அந்த ஒன்றைத்தான் அவர் வேண்டாம் என்றிருந்தார். இனி அதையாவது காப்பாற்றவேண்டும்.

மருந்து வேளை தாண்டிவிட்டது. பையைத் துழாவிச் சொட்டு மருந்தை எடுத்தாள். அவர் கேக்கைப் படியில் வைத்துவிட்டு, பழக்கப்படி தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார். அவள் விட்ட சொட்டு இமை மேல் விழுந்து, கன்னத்தில் இறங்கி, பச்சை பனியனில் ஊறியது.

"கண்ணத் திறங்க," என்றாள். "மருந்து வீணாப் போகுது."

அவர் திறக்கவில்லை. உள்ளே மறுபடியும் முதலிலிருந்து போட்டார்கள்.